பாடக் கற்றுக்கொண்ட பாதிரியார்

சென்ற மார்கழி மாதத்தில் ஒருநாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டபின் பண்ணைக்காட்டுத் தோட்டங்களின் ஊடே ஒற்றையடிப் பாதை வழியாக நடந்துகொண்டிருந்தேன். காப்பிப் பழம் சிவந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும் காலம் அது. வெள்ளோக்கு மரங்களின் நிழலிலே பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒரு மூதாட்டி, இடுப்பில் கட்டிய சாக்கில் பழங்களைப் போட்டபடியே தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். பல்லவியை ஒருமுறை பாடுவாள். கை நாலு பழத்தைப் பறிக்கும். பிறகு சரணத்தைத் தொடங்குவாள். சுருதி சற்று விலகினாலும் தாளம் விலகவில்லை. இயேசுநாதரைத் துதிக்கும் பழைய கீர்த்தனை அது.

நின்று கேட்டுவிட்டு, "யார் செய்த பாட்டு பாட்டி?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "யாரு செஞ்சா என்ன வாத்தியாரய்யா? எங்க ஆத்தா பாடினது. அவளுக்கு அவ ஆத்தா பாடினது. நம்ம பாட்டுதான்" என்றாள்.

"நம்ம பாட்டு" என்ற அந்த இரண்டு சொற்கள் வீடு வந்து சேரும்வரையில் என் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தன. கிறிஸ்து மதத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அந்நியர்கள். அவர்கள் கொண்டுவந்த பாட்டுகளும் ஐரோப்பாவின் பாட்டுகளே. அப்படியிருக்க, பழனிமலைச் சாரலிலே காப்பிப் பழம் பறிக்கும் ஒரு கிழவி பல்லவியும் சரணமுமாகப் பாடி, அதை "நம்ம பாட்டு" என்று உரிமை கொண்டாடுவது எப்படி வந்தது? இதற்கு விடை தேடினால் இரண்டு மனிதர்களிடம் போய்ச் சேருகிறோம். ஒருவர் தஞ்சாவூர்த் தமிழ்க் கவிராயர். மற்றவர் இந்த மலையடிவாரத்துத் திண்டுக்கல்லில் ஊழியம் செய்து, பிற்காலத்தில் அமெரிக்காவில் பிரஸ்பிடேரியன் சபையின் குருவாக வாழ்ந்து மறைந்த எட்வர்ட் வெப். கவிராயரின் பெயரைப் பலர் அறிவார்கள். வெப் பாதிரியாரின் பெயரோ பாட்டுப் புத்தகங்களின் முகவுரைகளிலே ஒடுங்கிக் கிடக்கிறது.

காய்ச்சலுக்கு அஞ்சி மலையேறியவர்கள்

அமெரிக்காவில் 1810-ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழியத்துக்காக ஒரு சங்கம் ஏற்பட்டது. காங்கிரிகேஷனல் சபையார், பிரஸ்பிடேரியன் சபையார், டச்சுச் சீர்திருத்தச் சபையார் ஆகியோர் அதை ஒருங்கே தாங்கி வந்தார்கள். பிரஸ்பிடேரியன் என்ற பெயரைக் கேட்டு வாசகர்கள் மலைக்க வேண்டியதில்லை. அத்தியட்சர் என்னும் பெரிய குருவின் அதிகாரத்துக்கு உட்படாமல், சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் குருக்களும் கூடியிருந்து நிர்வாகம் செய்யும் சபை அது. ஸ்காட்லாந்து தேசத்தின் சபை அந்த வகையைச் சேர்ந்தது.

இந்தச் சங்கத்தார் 1816-ல் யாழ்ப்பாணத்தில் வேரூன்றினார்கள். அங்கிருந்து 1834-ல் மதுரைக்கும், அடுத்த ஆண்டு திண்டுக்கல்லுக்கும் வந்தார்கள். வந்தவர்களை முதலில் வரவேற்றது காய்ச்சலும் வாந்திபேதியுமே. கணவனை இழந்த மனைவியரும், தாயை இழந்த குழந்தைகளும் அந்தச் சிறு கூட்டத்தில் பலர். உயிர் தப்ப வழி தேடிச் சிறுமலையில் குடியிருந்து பார்த்தார்கள். அங்கும் மலைக்காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனிமலையின் உச்சிக்கு ஏறி, 1845-ல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்று கோடைகாலத்தில் மோட்டார் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறும் கொடைக்கானல், இப்படி நோயாளிகளின் புகலிடமாகத் தொடங்கியதுதான்.

அதே 1845-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து மதுரை மிஷனுக்குப் புறப்பட்டவர் எட்வர்ட் வெப். 1819-ல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவிலிருந்து குருவாக அனுப்பப்பட்டவர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் அவர் தமிழ்நாட்டில் ஊழியம் செய்தார். திண்டுக்கல் கோட்டைப் பாறையின் நிழலிலே வாழ்ந்த அந்த நாட்களில், போதிக்க வந்தவர் தாமும் படிக்க வேண்டியது நிரம்ப உண்டு என்பதைக் கண்டுகொண்டார்.

மலை மாலையான கதை

அவர் வருவதற்கு முன்பே தமிழில் கிறிஸ்தவப் பாட்டுகள் இருந்தன. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு காலத்திலிருந்தே ஜெர்மானியப் பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, ஜெர்மானிய மெட்டிலேயே பாடி வந்தார்கள். தமிழில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த பப்ரிசியஸ் ஐயர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் பக்தி நிறைந்தவை. இன்றும் அவற்றை உருக்கத்தோடு பாடுகிறவர்கள் உண்டு. அவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று.

ஆயினும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஐரோப்பிய மெட்டு, அழுத்தி உச்சரிக்கும் அசையையும் மெல்ல உச்சரிக்கும் அசையையும் மாற்றி மாற்றி எதிர்பார்க்கிறது. தமிழ்ச் செய்யுளோ குறிலையும் நெடிலையும் கணக்கிட்டு நடப்பது. மெட்டிலே நீண்டு ஒலிக்க வேண்டிய இடத்தில் தமிழ்க் குறில் அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும்? "மலை" என்பது "மாலை" ஆகிவிடும். "கல்" என்பது "கால்" ஆகிவிடும். மலையின்மேல் நின்று உபதேசித்தவரைப் பற்றிப் பாடப் புகுந்து, மாலையின்மேல் நின்றவரைப் பற்றிப் பாடி முடிப்போம்! நம் சங்கீதத்திலும் எழுத்தை நீட்டுவது உண்டு. ஆனால் நம் பாடகர் சொல்லின் உருவத்தைக் காட்டிவிட்டுப் பிறகு நீட்டுவார். அந்நிய மெட்டு அந்தப் பொறுமை காட்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலப் பாட்டிலே அடியின் முடிவில் ஓசை ஒத்து வருவது அழகு. தமிழ்ப் பாட்டிலே அடியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் வந்து சேர்வது அழகு. எழுதப் படிக்கத் தெரியாத தமிழனும் எதுகையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை ஞாபகப்படுத்திக்கொள்வான். அந்தக் கொழுகொம்பு இல்லாத பாட்டைப் புத்தகம் பார்த்துப் படிக்கலாம். களை பறிக்கும்போதும் தாலாட்டும்போதும் அது தானாக வாயில் வராது. திண்டுக்கல் வட்டத்துச் சபைகளிலே அந்நாளில் புத்தகம் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு ஆலயத்துப் பாட்டு ஆலயத்தோடு நின்றுபோயிற்று; மணவீட்டுக்கும், தொட்டிலுக்கும், வயற்காட்டுக்கும் அது வரவில்லை.

தஞ்சைக் கவிராயர்

ஆனால் அந்தப் பாட்டு தஞ்சாவூரிலே ஏற்கனவே இருந்தது. அங்கே தலைநரைத்த ஒரு கவிராயர் அரை நூற்றாண்டாகப் பாடிக்கொண்டிருந்தார். அவர்தாம் வேதநாயகம் சாஸ்திரியார்.

சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சிறுவனாயிருந்தபோதே ஷ்வார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்து கல்வி கற்பித்தார். அதே ஐயரின் ஆதரவில் வளர்ந்த மற்றொரு மாணவர், பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர். ஒருவர் அரசராகவும் ஒருவர் புலவராகவும் ஆனபின்பும் அவர்களுடைய நேசம் நீடித்தது. பெரிய கோயிலில் நடிப்பதற்காகச் சரபோஜியின்மேல் சிவக்கொழுந்து தேசிகர் ஒரு குறவஞ்சி பாடினார். கிறிஸ்தவக் கவிராயர் 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குற்றாலத்துக் குறத்தி திரிகூட மலையின் வளத்தைச் சொல்லிக் குறி சொன்னாள். பெத்லகேம் குறத்தி ஞானத்தைக் குறியாகச் சொன்னாள். பாத்திரம் மாறிற்று, அமைப்பும் சிந்தும் நடையும் மாறவில்லை.

அது மட்டுமா? ஞானத்தச்ச நாடகம், ஞான ஏத்தப்பாட்டு, சாஸ்திரக் கும்மி, பேரின்பக் காதல், ஜெபமாலை என்று அவர் செய்த நூல்கள் நூற்றுக்கு மேல் என்று கணக்குச் சொல்வார்கள். பெயர்களைப் பாருங்கள். ஏற்றம் இறைப்பவன் பாட்டு, பெண்கள் கொட்டும் கும்மி, தச்சன் வேலை — தமிழ்நாட்டின் தொழிலும் விளையாட்டும் ஒன்றுவிடாமல் அவருடைய பக்தியில் வந்து புகுந்துவிட்டன. முத்துத் தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் சீர்காழியிலே வளர்த்த கீர்த்தனை உருவத்தை அவர் தம் தெய்வத்துக்கு உரியதாக ஆக்கிக்கொண்டார். பல்லவி, அநுபல்லவி, சரணம் என்ற அந்த உருவத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. தெரிந்தவர் சரணத்தைப் பாடலாம்; தெரியாதவர் எல்லோரும் பல்லவியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அதிலே ஒரே பந்தி.

ஆயினும் இந்தச் செல்வத்துக்கு ஆலயத்தில் இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. ஷ்வார்ட்ஸின் காலத்துக்குப் பின் வந்த இளைய பாதிரிமார்களில் பலருக்குத் தமிழ் ராகம் கேட்டவுடனே கோயில் உற்சவமும் தாசியாட்டமுமே நினைவுக்கு வந்தன. தேவாலயத்துக்கு இது தகாது என்றார்கள். கவிராயரின் பாட்டு வீடுகளிலும், திண்ணைகளிலும், காலட்சேபங்களிலும் ஒலித்தது.

1853

வெப் பாதிரியார் செய்த காரியம் சொல்வதற்கு எளியது. சாஸ்திரியாரின் பாடல்களைக் கேட்டார், பெற்றார், அவற்றை முதன்மையாக வைத்து, மற்றவர்கள் செய்தவற்றையும் சேர்த்து, சபையாரும் வீட்டாரும் கூடிப் பாடுவதற்குரிய கீர்த்தனைப் புத்தகமாக 1853-ல் அச்சிட்டு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு. சாஸ்திரியாருக்கு எழுபத்தொன்பது.

எளிய காரியமாகத் தோன்றினாலும், அதற்குள் அடங்கிய உழைப்பை எண்ணிப்பாருங்கள். இன்னிசை என்றாலே நான்கு குரலில் இணைந்து ஒலிக்கும் பாட்டு என்று பழகிய காது, ஒரே குரலின் வளைவிலும் நெளிவிலும் இன்பம் காணப் பழக வேண்டும். ஆதி தாளம், ரூபக தாளம் என்று கை போடத் தெரிய வேண்டும். ஓலைச்சுவடியில் இருப்பதை அச்சுக்குக் கொண்டுவர வேண்டும். இவையெல்லாவற்றிலும் கடினமானது ஒன்று உண்டு. தம்மை அனுப்பியவர்களும் உடன் ஊழியம் செய்பவர்களும் தாழ்வாகக் கருதக்கூடிய ஒன்றை, "இது உயர்ந்தது, இதை ஆலயத்தில் பாடலாம்" என்று சொல்லும் துணிவு வேண்டும்.

பக்தி நூல் எழுதிய குருமார் உலகத்தில் ஏராளம். வெப் பாதிரியார் தாமே தமிழில் பெருங்கவி செய்து புகழ்பெற்றவர் அல்லர். அவருடைய பக்தி நூல் என்று நாம் எடுத்துக் காட்டக்கூடியது பெரும்பாலும் பிறர் பாட்டுகள் நிறைந்த இந்தத் தொகுதிதான். தம் சொல்லைக் குறைத்துக்கொண்டு, பிறர் சொல்லுக்கு வழிவிட்டதையே நான் அவருடைய பெருமையாகக் கருதுகிறேன். நால்வர் பாட்டு செல்லரித்துப் போகாமல் நமக்குக் கிடைக்க ஒரு நம்பியாண்டார் நம்பி வேண்டியிருந்தது. ஆழ்வார் பாசுரங்கள் கிடைக்க ஒரு நாதமுனிகள் வேண்டியிருந்தது. தொகுத்தவனும் தொண்டனே என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி அன்று.

தமிழின்மேல் அவருக்கிருந்த மதிப்பு பாட்டோடு நின்றுவிடவில்லை. கால்டுவெல் ஐயர் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அந்நூலில் கண்ட ஆதாரங்களைச் சுருக்கி ஒழுங்குபடுத்தி, அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் சஞ்சிகையில் 1860-களின் தொடக்கத்தில் கட்டுரையாக வெளியிட்டவர் வெப். அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள வித்துவான்களுக்குத் தமிழ் இனத்து மொழிகளின் தொன்மையை எடுத்துச் சொன்னவர்களில் திண்டுக்கல் பாதிரியாரும் ஒருவர்.

இருவருக்கும் நடுவே இருந்த பிளவு

இதுவரையில் சொன்னது இனிப்பான பகுதி. கசப்பான பகுதியையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை உண்மையாகாது.

சாஸ்திரியார் பெருங்கவிஞர், ஆனால் சாதி வேற்றுமையைக் கைவிட மறுத்தவர். ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று இளைய பாதிரிமார் வற்புறுத்தியபோது, அவர் 1829-ஆம் ஆண்டு வாக்கில் அதைக் கண்டித்து எழுதினார். அந்தக் கண்டனத்தில் இரண்டு முறையீடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எங்கள் பாட்டையும் எங்கள் வழக்கங்களையும் எங்களிடமிருந்து பறிக்கிறீர்கள் என்பது ஒன்று. எங்களைத் தாழ்ந்தவரோடு சரிசமமாக உட்காரச் சொல்கிறீர்கள் என்பது மற்றொன்று. முதல் முறையீட்டைக் கேட்டு நம் நெஞ்சு உருகுகிறது. இரண்டாவதைக் கேட்டு நாம் தலைகுனிகிறோம்.

எதிர்ப்பக்கத்திலும் இதே குழப்பம் இருந்தது. பாதிரிமார்களில் பலர் ராகத்தையும் சாதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இரண்டும் அஞ்ஞானம் என்று வெளியே தூக்கிப்போடப் பார்த்தார்கள். கவிராயரோ இரண்டும் நம் முன்னோர் வழக்கம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் காப்பாற்றப் பார்த்தார். மூட்டையை அவிழ்த்துப் பார்க்க இருதரப்பிலும் ஆள் இல்லை.

மதுரை அமெரிக்க மிஷன் சாதி விஷயத்தில் கண்டிப்பானது. சபையில் சேருவோரும் உபதேசிமாரும் சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக எல்லோரோடும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று 1847-ல் விதி செய்தது. அதை ஏற்காத பலர் விலகினார்கள். விதித்த முறையிலே கடுமை இருந்தது என்றும், விலகியவர்களில் நெடுநாள் உழைத்தவர்கள் இருந்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். வெப் இந்த மிஷனின் ஊழியர். அவ்விதி பிறந்து ஆறே ஆண்டுகளில், சாதியைக் காத்து எழுதிய கவிராயரின் கீர்த்தனைகளைச் சாதியை மறுத்த சபைகளின் கையில் அவர் கொடுத்தார்.

இதன் விளைவைச் சற்று யோசித்துப் பாருங்கள். எந்த மக்களோடு ஒரே பாயில் உட்காரக் கவிராயர் இணங்கவில்லையோ, அந்த மக்களின் பிள்ளைகள் அவருடைய பாட்டைத் தங்கள் பாட்டாகப் பாடினார்கள். சேரிகளிலும் குடிசைக் கோயில்களிலும் தஞ்சைக் கவிராயரின் ராகமும் தாளமும் ஒலித்தன. மனிதன் போட்ட வேலியைப் பாட்டு தாண்டிற்று. மூட்டையை அவிழ்த்து, மணியை எடுத்துக்கொண்டு பதரைத் தள்ளியவர் யார் என்று கேட்டால், வெப் பாதிரியாரையும் அந்த ஏழைச் சபையாரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாதி அதனால் தீர்ந்துவிட்டதா? இல்லை. இன்றும் தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் நிற்கிறது. ஒரே பல்லவியைப் பாடிவிட்டு வேறு வேறு குழிகளுக்குப் போகிறோம். இந்தக் குறை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதென்று மற்றவர்கள் மகிழ்வதற்கும் இடமில்லை. பாட்டு காட்டிய வழியில் பாடினவர்கள் நடக்கவில்லையென்றால், அது பாட்டின் குற்றமன்று.

திரும்பிச் சென்ற பின்

வேதநாயகம் சாஸ்திரியார் 1864-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தஞ்சையில் காலமானார். அதே ஆண்டில் வெப் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அங்கே அடிமைத்தனத்தை ஒழிப்பதா வேண்டாமா என்ற உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் இருந்தது.

அவர் பிரஸ்பிடேரியன் சபையில் குருவாக அமர்ந்தார். ஆனால் ஒரு சபையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாய் இருந்துவிடவில்லை. பென்சில்வேனியா மாகாணத்தில் ஆக்ஸ்போர்டு என்ற சிற்றூருக்கு அருகே, கறுப்பு மக்களின் உயர்தரக் கல்விக்கென்று பிரஸ்பிடேரியன் குருவான ஜான் மில்லர் டிக்கி என்பவர் 1854-ல் ஒரு கலாசாலை தொடங்கியிருந்தார். ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டு இறந்தபின், 1866-ல் அதற்கு லிங்கன் சர்வகலாசாலை என்று பெயரிட்டார்கள். அந்தக் கலாசாலைக்கு நிதி திரட்டும் காரியதரிசியாக வெப் உழைத்தார். திண்டுக்கல்லில் பாட்டுச் சேகரித்த கை, அங்கே அடிமைகளின் மக்கள் படிப்பதற்காகக் காசு சேகரித்தது. 1898-ல் அவர் காலமானார்.

அந்தக் கலாசாலையின் பிற்கால மாணவர்களில் சிலருடைய பெயரைச் சொல்கிறேன். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1929-ல் அங்கே பட்டம் பெற்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பு நீதிபதியான தர்குட் மார்ஷல் 1930-ல் பட்டம் பெற்றார். கானா தேசத்துக்கு 1957-ல் விடுதலை வாங்கித்தந்த குவாமே நிக்ரூமா 1939-ல் பட்டம் பெற்றார். இவர்கள் தலையெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே வெப் மறைந்துவிட்டார். ஆனால் விதைத்தவன் அறுப்பைப் பார்க்க வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டிலும் அறுப்பு நடந்தது. வெப்பின் தொகுதியைப் பின்வந்தவர்கள் பெருக்கிப் பெருக்கிப் பதிப்பித்தார்கள். தமிழ்க் குருமாரும் உபாத்தியாயர்களும் புதிய கீர்த்தனைகள் செய்து சேர்த்தார்கள். பாட்டின் தலைப்பிலே ராகமும் தாளமும் குறிக்கும் வழக்கம் நிலைத்தது. மதுரையின் காங்கிரிகேஷனல் சபைகளும் சென்னைப் பக்கத்துப் பிரஸ்பிடேரியன் சபைகளும் 1908-ல் ஒரே ஐக்கிய சபையாயின. 1947-ல் நாடு விடுதலை பெற்ற அடுத்த மாதத்தில், மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன் சபையாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. சபைகள் ஒன்றாவதற்கு முன்பே அவற்றின் பாட்டுகள் ஒன்றாகியிருந்தன.

இன்னொரு செய்தியும் திண்டுக்கல்லுக்கு உரியது. 1859-ல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் உபாத்தியாயர் பயிற்சி பெற்றதும், அங்கேயே வேலை பார்த்ததும், சடையாண்டி பத்தர் என்ற வித்துவானிடம் சங்கீதம் பயின்றதும் திண்டுக்கல்லில்தான். பிறகு அவர் தஞ்சைக்குக் குடியேறி, 1912 முதல் சங்கீத மகாநாடுகள் நடத்தி, 1917-ல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டு, சிலப்பதிகாரத்தின் பண்டை இசைமரபை உலகறியச் செய்தார். தமிழிசை இயக்கம் 1940-களில் நாடெங்கும் முழங்குவதற்கு முன் அதற்கு அடிகோலியவர்களில் அவர் முக்கியமானவர். தஞ்சையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பாட்டு வந்தது; திண்டுக்கல்லிலிருந்து தஞ்சைக்குப் பண்டிதர் போனார். கொடுத்ததும் வாங்கியதும் சரியாய்ப் போயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது.

நமக்குரிய பாடம்

நான் ஓர் உபாத்தியாயன். பாடம் சொல்லாமல் முடிக்கத் தெரியாது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வகுப்பில் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டொன்றை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். அதே பிள்ளைகள் ஏலேலோப் பாட்டைப் பாடும்போது கண் மின்னும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே அதைக் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் வாயில் வருவது வேறு. நெஞ்சில் இறங்குவது வேறு. தெய்வத்தை நோக்கியோ தேசத்தை நோக்கியோ ஒரு மனிதன் முழு மனத்தோடு பேச வேண்டுமானால், அவன் தாய் தாலாட்டிய மொழியும் மெட்டும் அவனுக்கு வேண்டும். இதை ஓர் அந்நியப் பாதிரியார் 1853-லேயே உணர்ந்திருந்தார். நம்மில் படித்தவர்கள் பலர் இன்னும் உணரவில்லை.

இரண்டாவது பாடம் இதைவிடக் கடினமானது. நம்முடையது என்பதால் மட்டும் எல்லாம் நல்லதாகிவிடாது. அந்நியர் பழித்தார் என்பதால் மட்டும் எதுவும் கெட்டதாகிவிடாது. முன்னோர் வைத்துப்போன மூட்டையில் மணியும் இருக்கும், பதரும் இருக்கும். அதை அவிழ்க்க மறுப்பவர்கள் ஒருபக்கம், அவிழ்க்காமலே வீசுகிறவர்கள் மறுபக்கம். பொறுமையோடு உட்கார்ந்து புடைத்தெடுப்பவர்களே நாட்டுக்கு வேண்டியவர்கள்.

மறுநாளும் அந்தத் தோட்டத்து வழியே போனேன். மூதாட்டி அதே நிரையில், அடுத்த செடியில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய பேத்தி. என் வகுப்பில் படிக்கிறவள்தான்; விடுமுறைநாள் என்பதால் பாட்டிக்குத் துணையாக வந்திருந்தாள். பாட்டி சரணத்தைப் பாடினாள். பல்லவி வந்ததும் பேத்தி சேர்ந்துகொண்டாள். வெப் பாதிரியாரையும் தஞ்சைக் கவிராயரையும் பற்றி அவர்களுக்குச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பாட்டு முடியட்டும் என்று நின்றேன்.

பாட்டி என்னைக் கண்டுவிட்டு, "வாத்தியாரய்யா, நீங்களும் பாடுங்க" என்றாள்.

பல்லவிதானே? நானும் சேர்ந்துகொண்டேன்.